பாம்பன் கரையில் அடுப்படியோடு ஒரு ரயில்வே வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பனில் புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு, மதுரையில் ஏறினால் ராமேஸ்வரத்திலேயே இறங்கலாம் என்றாகிவிட்டது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ஓட்டத்தை நிறுத்தியதிலிருந்து மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்த சிரமம் தீர்ந்தது. ரொம்ப சந்தோஷம். இந்த நேரத்தில் ரயில்வேக்கு ஒரு கோரிக்கை. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இனித் தேவையில்லை என்று ஒதுக்கும் பழைய ரயில்வே கட்டடங்களை இடித்துவிடாதீர்கள். செப்பனிட்டு, சமையலறையோடு, குடும்பங்கள் நாலு நாள் தங்க வாடகைக்கு விடுங்கள்.

சமையலறை என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்ற தை மாதம் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போயிருந்தோம். அவருக்குச் சர்க்கரை, பல்லும் இல்லை. காலையில் கேழ்வரகுக் கூழ்தான் ஆகாரம். தங்கிய லாட்ஜில் எங்கள் கரண்ட் அடுப்பைப் பார்த்ததும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரச் சேலையோடு நடுங்கி நின்றவருக்கு, திறந்திருந்த கடையில் பூரிதான் கிடைத்தது. அதைப் பிய்த்துப் பிய்த்து உருளைக்கிழங்கில் ஊறவைத்து விழுங்கினார். அறையில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற பயம் லாட்ஜ்காரர்களுக்கு இருக்கும், அது நியாயம்தான். அதனால்தான் அடுப்பு வைப்பதற்கென்றே கட்டிய இடம் வேண்டும் என்கிறேன்.

ரயில்வேக்கு இது புதுசும் இல்லை. என் கணவர் மதுரைக் கோட்டத்தில் கார்டாக இருந்தவர். ராமேஸ்வரம் வண்டிக்குப் போகிற அன்று அரிசி, பருப்பு, புளி, வத்தல் பொடி என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பேன். வண்டி ஓட்டிப் போகிற ஊழியர்கள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் சமையல்காரர் அதை வாங்கிப் பொங்கிக் கொடுப்பார். சில நாள் பாம்பன் நண்டும் சேர்ந்துகொள்ளும். ஊழியர்களுக்குச் செய்த ஏற்பாட்டை ஜனங்களுக்கும் செய்யலாமே.

இங்கிலாந்தில் ஸ்கார்பரோவிலிருந்து விட்பி வரை போன கடலோர ரயில் பாதையை 1965ல் மூடிவிட்டார்கள். தண்டவாளம் கிடந்த தடத்தில் இப்போது நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். வழியில் இருந்த பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் தங்குகிறார்கள். அங்கே ரயிலே கிடையாது. நமக்கோ வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே வண்டி வந்து நிற்கும்.

வேலை சுலபம் என்று சொல்ல மாட்டேன். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி சீக்கிரமே செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். பழைய சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சுதான் தாங்கும். தீவில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு, அதனால் கூரையில் விழும் மழையைப் பிடிக்க ஒரு தொட்டி அவசியம். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டும் கடலுக்குப் போகக்கூடாது. மன்னார் வளைகுடாவின் தீவுகளை 1986லேயே தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள்.

அப்புறம், பிள்ளைகளுக்கு லீவு விடும் சமயத்தில்தான் மீன்பிடித் தடைக்காலமும் வருகிறது. ஏப்ரல் 15லிருந்து இரண்டு மாதம் விசைப்படகு போகாது. நாட்டுப்படகில் வரும் மீன் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் அன்றன்றைக்குப் பிடித்தது. குழம்புக்கு அது போதும்.

தனுஷ்கோடியை மட்டும் தொட வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஜனங்களையும் கடல் கொண்டுபோன இடம் அது. அந்த ஸ்டேஷன் சுவர்களுக்குப் பக்கத்தில் யாரும் அடுப்பு மூட்டக்கூடாது.

இன்னும் ஒன்று. இதைக் காண்டிராக்டரிடம் கொடுத்து ரிசார்ட் ஆக்கிவிடாதீர்கள். ஸ்டேஷனில் பயணிகள் தங்கும் ரிடையரிங் ரூமுக்குப் பதிவு செய்வதுபோல டிக்கெட்டோடு சேர்த்து நாங்களே முன்பதிவு செய்யும்படி இருக்கட்டும். வாடகையை வீட்டுக்கு இவ்வளவு என்று வையுங்கள், தலைக்கு இவ்வளவு என்று வேண்டாம். எங்கள் வீடுகளில் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு யாரும் கடலுக்குப் போவதில்லை.

– ஒரு வாசகி,
எல்லீஸ் நகர், மதுரை