புகார் கொடுத்தவரின் போனைத் திருப்பிக் கொடுங்கள்

காவல்துறை உயர் அலுவலர்களுக்கும் குற்றவியல் நடுவர்களுக்கும் வணக்கம்.

இணைய மிரட்டல் வழக்குகள் எப்படி நகர்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், தன் படங்களை மாற்றி வெளியிடுவதாக மிரட்டியவன் மீது சென்ற ஆண்டு புகார் கொடுத்தார். மிரட்டல் எல்லாம் போனில் இருந்ததால், சிம்மோடு வாங்கி உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். இன்னும் தடயவியல் ஆய்வக வரிசையில் காத்திருக்கிறதாம். மிரட்டியவனின் போன் அவன் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு வங்கி ஓடிபி வராது. வேலையிடத்தில் வருகைப்பதிவும் செயலியில்தான். மாற்று சிம் வாங்கலாமா என்று கேட்டால், "சாட்சியம் கெட்டுப்போகும், வேண்டாம்மா" என்கிறார்கள். 90 நாளுக்குள் விசாரணையின் நிலையைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு. அதைப் பற்றிக் கேட்டதற்கு, "உங்க நம்பருக்கு மெசேஜ் போயிருக்குமே" என்று பதில் வந்தது. போயிருக்கும். நீங்கள் முத்திரை வைத்த உறைக்குள்.

ஐயா, அம்மா, புகார் கொடுத்தவரின் போனில் உள்ளதை நகல் எடுத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்குக் கேட்கும் சான்றிதழில் ஹேஷ் மதிப்புக்கென்றே, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணுக்கென்றே, இடம் இருக்கிறது. நகலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். அப்புறம் எதற்கு அசலைச் சிறை வைக்க வேண்டும்? அசலே தேவைப்படும் வழக்குகளும் உண்டு, மறுக்கவில்லை. அவற்றில் காரணத்தை எழுதி வையுங்கள். வழக்குச் சொத்துகள், அதாவது வழக்குக்காகப் பறிமுதல் செய்த பொருள்கள், காவல் நிலையத்தில் 15 நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. நீதிமன்றத்துக்கு வந்த சொத்துக்கு 14 நாளில் பட்டியல், அதிலிருந்து 30 நாளில் அதை என்ன செய்வது என்ற உத்தரவு என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவும் கெடு வைத்திருக்கிறது.

இந்தப் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1 முதல் எல்லாம் டிஜிட்டல் என்றார்கள். பறிமுதலை வீடியோ எடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் போடுவதும், பென் டிரைவ் வாங்கித் தருவதும் இன்னும் புகார்தாரர் செலவுதான். பாதிக்கப்பட்டவர் பணத்தில் நடக்கும் நவீனமயம்! சரி, அது தனிக் கதை.

தயவுசெய்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: புகார்தாரரின் போனை நகல் எடுத்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், சிம்மை அன்றைக்கே கொடுக்க வேண்டும். முடியாது என்றால் அந்தப் பெண்ணுக்குக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் போதும்.

நன்றி.