ஜாம்பசியைக் கடக்கும் முன் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் பள்ளி மாணவர்கள் பதினெட்டுப் பேரும் ஆசிரியர்கள் மூவரும் ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவிலிருந்து போட்ஸ்வானாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் புறப்படுகிறோம். பேசி வைத்திருந்த பஸ் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போனபோது, பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் வாய் திறக்காதிருந்தேன். அப்போது கைகொடுத்தவர்களுக்கே இந்த மடல்.

டீசல் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு தம் பஸ்ஸைத் தருகிறார் எங்கள் ஓட்டுநர். முன்பு லாரி ஓட்டியவர். போட்ஸ்வானா எல்லையிலுள்ள காசுங்குலாவில் ஜாம்பசி ஆற்றைக் கடக்கப் படகுக்காக நாள்கணக்கில் காத்துக்கிடந்த கதையை வகுப்புக்கே வந்து சொன்னார். 2021இல் அங்கே 923 மீட்டர் நீளத்தில் பாலம் திறந்தார்கள். ஜிம்பாப்வே எல்லைக்குள் நுழையாதபடி அது வளைந்து போவதைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு விக்டோரியா அருவியைவிட அந்தப் பாலத்தைப் பற்றித்தான் பேச்சு.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத நான்கு மாணவர்களுக்காக, அலுவலகம் மூடிய பிறகும் உட்கார்ந்து தாள்களைச் சரிசெய்து கொடுத்த அம்மையாருக்கும், தக்காளியும் கபென்டா கருவாடும் விற்ற காசில் பங்கு தந்த சந்தைத் தாய்மார்களுக்கும் எங்கள் வணக்கம். நீங்கள் தந்த ஒவ்வொரு குவாச்சாவுக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறோம்.

மஸ்விங்கோவில் இரண்டு இரவு தங்க இடம் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்த ஊருக்கு அருகிலுள்ள கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய கல் நகரத்தை இத்தனை ஆண்டுகளாகப் படத்தில் காட்டியே பாடம் நடத்தியிருக்கிறேன். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கி 11 மீட்டர் வரை எழுப்பிய சுவர் அது. ஆப்பிரிக்கர்களால் இதைக் கட்டியிருக்க முடியாது என்று வெள்ளையர் ஆட்சி நெடுங்காலம் சாதித்தது. அந்தப் பொய்யை நான் மறுத்துச் சொல்வதைக் கேட்பது வேறு, பிள்ளைகள் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்ப்பது வேறு. இந்தப் பயணத்துக்கு நான் ஆசைப்பட்டதே அதற்காகத்தான்.

இனி, எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி. ஜாம்பசியின் குறுக்கே கட்டிய கரிபா அணைக்காக 1950களின் இறுதியில் ஆற்றங்கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட தோங்கா மக்கள் ஏறத்தாழ 57,000 பேர். அவர்களில் அவரும் ஒரு சிறுமி. உறவினர் சிலர் அக்கரைக்கு, இன்றைய ஜிம்பாப்வே பக்கம் போனார்கள். நடுவில் ஏரி நிறைந்துவிட்டது. பேத்தியின் பயணத்துக்காக அவர் ஓர் ஆட்டை விற்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. புதிய சிட்டெங்கே துணி ஒன்றையும் கொடுத்து, "அங்கே நம் மொழி பேசுகிற கிழவி யாரையாவது பார்த்தால் கொடு" என்றார். அந்தத் துணி இப்போது என் மேசையில் இருக்கிறது.

சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பஸ் கிளம்பும். முடிந்தவர்கள் வந்து வழியனுப்புங்கள். பாட்டியை அழைத்துவர ஓட்டுநர் முந்தின நாளே போகிறார்.

நன்றியுடன்,
பயணக் குழுவின் சார்பில்,
வரலாற்று ஆசிரியர்