கூத்துக்கு இருபது நிமிடம் காணாது, தம்பி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரல் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முற்றத்து வேப்பமரத்தின் கீழ் தேத்தண்ணீரோடு இருந்து இரண்டு தரம் வாசித்தேன். வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒன்றுகூடல், பம்பைமடுவில் இரண்டு நாள். முதல் நாள் ஆய்வரங்கு, மறுநாள் பண்பாட்டு மாலை. லண்டனில் இருந்துகொண்டு இவ்வளவு ஓடித் திரிகிறாயே என்று மனம் குளிர்ந்தது. பிறகு திகதியைப் பார்த்தேன். இதை உனக்குத் தனியே எழுதியிருக்கலாம். மற்றவர்களும் வாசித்துவிட்டுத் தங்கள் பங்குக்கு என்னைத் திட்டட்டும் என்றுதான் வெளியில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 14, 15. அங்கே பிள்ளைகளுக்கு லீவு, சரி. பதினைந்தாம் திகதி மடு மாதா கோவில் திருவிழா என்பது உனக்கு எப்படி மறந்தது? பம்பைமடு இருப்பது மன்னார் வீதியில். அந்தக் கிழமை அந்த வீதியால் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. கத்தோலிக்கத் தோழர்கள் மாதாவை விட்டுவிட்டு உன் ஆய்வரங்குக்கு வருவார்கள் என்றும் நினைக்காதே. வான் பிடித்து வருகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. நெடுங்கேணியிலிருந்து பஸ் மாறி மாறி வருகிற எனக்குப் பெரிய பொருட்டு.

காலபோக அறுவடை முடிந்த பங்குனிதான் எங்களுக்கு வசதி. அப்போது நீங்கள் வரமாட்டீர்கள், ஆகையால் கேட்கவில்லை. வைகாசியில் வைத்தால் வற்றாப்பளைப் பொங்கலோடு முட்டும். அம்மன் சந்நிதியில் கடல்நீரில் விளக்கெரிகிற நாட்களில் முல்லைத்தீவுப் பக்கத்தார் ஒருவரையும் உன்னால் அசைக்க முடியாது. ஆகஸ்ட் 1ஐ ஒட்டி வை. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமான நாள் அது. சிறுபோகம் செய்தவர்கள் வயலில் நிற்பார்கள்தான்; என்றாலும் ஒரு நாளாவது வந்து தலையைக் காட்டுவார்கள்.

அந்த 2021 இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. அழைப்பில் ‘வவுனியாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளே’ என்று எழுதியிருக்கிறாய். என் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் இருப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். நாங்கள் அதன் வவுனியா வளாகத்தில் படித்தவர்கள்; வளாகம் வந்தது 1997இல். அதற்கு முன் 1991இலிருந்து வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி. அங்கே படித்தவர்களில் பலர் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். இந்த அழைப்பு தங்களுக்கில்லை என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். மூன்று பெயரையும் போடு. நான் சேர்ந்த யுத்த காலத்தில், வவுனியாவில் தங்குவதற்கு எங்களைப் போன்றவர்களுக்குப் பாஸ் என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். ஒரு கையில் கொப்பி, மறு கையில் பாஸ். 2002இல் ஏ9 வீதி திறக்கும் வரை வீட்டுக்குப் போய் வருவதே ஒரு பரீட்சை. அப்படிப் படித்தவர்களை ஒரு பெயரை விட்டு வெளியே நிறுத்தாதே.

ஆய்வரங்குக்கு வருகிறேன். கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நாம் படித்ததே ஆங்கிலத்தில்தான், சிங்களப் பிள்ளைகளும் அங்கே நிறையப் படிக்கிறார்கள். ஆனால் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஆய்வுகூடத்தைக் கேட்டு வாங்கு. எங்கள் வீட்டுக் கேத்தலைக் கவிழ்த்துத் தட்டினால் சிப்பி ஓடு போல வெள்ளைப் படை உதிரும். மாதம் ஒரு தரம் தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்துத்தான் கழுவுகிறேன். வன்னியில் பல கிணறுகளின் கதை இதுதான். சிறுநீரக நோயென்ற பயம் வேறு ஊருக்குள் இருக்கிறது. கேத்தல் படையும் நோயும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. அந்த நோய்க்குக் காரணம் இதுதான் என்று ஆய்வாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதைத்தான் சனத்துக்கு நேரே இருந்து, தமிழில், ஒருவர் விளக்கவேண்டும்.

வருகிறவர்கள் ஆளுக்கொரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரட்டும். கேத்தலில் படை விடுகிற அந்த நீரின் வன்மையை அளக்கும் நியமிப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அளவியிலிருந்து ஈடிடிஏ கரைசல் சொட்டுச் சொட்டாக விழும். குடுவைக்குள் வைன் சிவப்பு அப்படியே நிற்கும். இது மாறவே மாறாது என்று அலுத்துப்போகும் நேரத்தில் ஒரே ஒரு துளி, முழுவதும் நீலம். நீ ஒவ்வொரு தரமும் இரண்டு துளி கூட விட்டுவிட்டுத் திரும்பச் செய்வாய். அந்த நீலத்தைப் பம்பைமடுவைச் சுற்றியுள்ள உயர்தரப் பிள்ளைகளும், தண்ணீர் கொண்டுவந்த கமக்காரரும் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். முதன்மை உரையை விட அதுதான் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இனிப் பண்பாட்டு மாலை. கோவலன் கூத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறாய். முல்லைத்தீவுப் பக்கத்து அண்ணாவியார் ஒருவரிடம் போனேன். நெல் காயவிடும் தளத்தில் உரப்பையை விரித்து, பையன்களுக்கு ஆட்டம் பழக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மடியில் துவாய்க்குள் சுற்றி வைத்திருந்த தாளத்தை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

“கோவலன் சபைக்கு வரவே இருபது நிமிடம் வேண்டும், பிள்ளை. பிறகு கண்ணகி எப்போது வருவது? மதுரையை எப்போது எரிப்பது?”

பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முன்பு ஓர் ஒன்றுகூடலில், எங்கென்று சொல்லமாட்டேன், நடுவழியில் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு நன்றியுரைக்குப் போனார்களாம். வேஷத்தைக் கலைக்காமலே வான் வண்டியில் ஏறி வந்த கதையை எனக்கு இரண்டு தரம் சொன்னார்.

விடிய விடிய என்று நான் கேட்கவில்லை. மூன்று மணித்தியாலம் கொடு. சிலம்பு விற்கப் போவதிலிருந்து பாண்டியன் சபை வரைக்கும் கட்டிச் செய்யலாம் என்று அவரே இறங்கி வந்தார். நேரம் எங்கே என்று கேட்பாய். உன் நிரலில் பதினொரு பேருக்குப் பொன்னாடை இருக்கிறது. எனக்கு உள்ளதையும் சேர்த்து எல்லாவற்றையும் வெட்டு. சிங்கள மாணவரின் நடனத்தையும் முஸ்லிம் மாணவரின் நிகழ்ச்சியையும் வெட்டாதே. அவை கூத்துக்கு முன்னே வரட்டும். அவர்களுக்குக் கூத்தின் கதையை ஒரு பக்கத்தில் சிங்களத்தில் எழுதிக் கொடுக்க எங்கள் வகுப்பிலேயே ஆள் இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை, சோறு சோறாக இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு பதில் எழுது. மூன்று மணித்தியாலம் உறுதி என்றால் மத்தளத்துக்குப் புதுத் தோல் போடவேண்டும் என்கிறார் அண்ணாவியார். இருபது நிமிடத்துக்குப் பழைய தோலே போதுமாம்.

அன்புடன்,
அக்கா
நெடுங்கேணி