ரதம் இழுக்கப்போகும் ஃபார்கோ

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

மாணிக்கம்,

எப்படி இருக்கிறாய்? தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? பேரன் தமிழ் பேசுகிறானா, இல்லை உன்னைப் போலவே எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டுகிறானா? இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதம் வந்து நாளாயிற்று, கோபித்துக்கொள்ளாதே. இன்ஜின் உறுமுகிற வரை உனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். போன வாரம் உறுமிவிட்டது.

ஆமாம், நம் பழைய ஃபார்கோ லோரிக்குள் கம்மின்ஸ் 6பிடி டீசல் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. ஈப்போவில் ஒரு பழைய ஜெனரேட்டர் செட்டிலிருந்து கழற்றியது. அரை டன் இரும்பு. முன் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டும் மூக்கு கொஞ்சம் தாழ்ந்துதான் நிற்கிறது. முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது பச்சையப்பன் வீட்டு ஜன்னல் அதிர்ந்ததாம், ஓடி வந்தான். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "துரை வந்துட்டாரு" என்றான். நீ பக்கத்தில் இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. வேற்று இன்ஜினைத் திணித்துவிட்டேன் என்று நீ முறைக்க முடியாது. ஃபார்கோவும் டாட்ஜும் கிரைஸ்லர் வீட்டுப் பிள்ளைகள். 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வைத்ததும் இதே 5.9 லிட்டர் இன்ஜின்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு திருவிழாவில் ரதத்தை ஃபார்கோ இழுக்க வேண்டும் என்று கோயில் கமிட்டி கேட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் குறைந்துவிட்டது. நீ அங்கே தேடி வாங்கி அனுப்ப வேண்டிய கியர்பாக்ஸ் இன்னும் கைக்கு வரவில்லையே!

போன வருஷம் நடந்ததை உனக்குப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். வாடகைக்கு வந்த லோரியின் முதல் கியரே வேகமானது. சாமிக்குப் பின்னால் பால்குடத்தோடு வெறுங்காலில் நடக்கிற பெண்களின் வேகத்துக்கு அதை ஓட்ட முடியவில்லை. டிரைவர் வழி முழுக்கப் பாதிக் கிளட்சில் காலை வைத்தே வந்தார். தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கிற பழைய லயத்து மேட்டில் ஏறும்போது கிளட்ச் கருகி, லோரி பிடியை விட்டது. ரதம் பின்னால் உருள ஆரம்பித்தது. பையன்கள் பாய்ந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். ராமாயி அக்காவின் பேத்தி கால் ஒரு சாண் இடைவெளியில் தப்பியது. நாதஸ்வரம் பாதியில் நின்றது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கமிட்டியில் ஒரு பேச்சு. மேட்டு லயத்தில் இருப்பது சில வீடுகள்தானே, அங்கே எதற்கு ரதம், கடைத்தெருவோடு திருப்பிக்கொள்ளலாம் என்று. எனக்கு அது தாங்கவில்லை, மாணிக்கம். பால்மரம் என்கிற ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து, இப்போது செம்பனையையும் வெட்டிவிட்டு வீட்டுமனை போடப் போகிறார்களாம். அந்தச் சில வீடுகளில் இருப்பவர்கள் நமக்குச் சோறு போட்ட கிழவிகள். கோயிலுக்கு இறங்கி வர அவர்களுக்குக் காலில் தெம்பில்லை. ரதம்தான் மேலே போக வேண்டும்.

அதனால்தான் இந்தக் கியர்பாக்ஸ் விஷயத்தில் இவ்வளவு அடம்பிடிக்கிறேன். நீ எழுதிய எஸ்எம்465 நல்ல பெட்டிதான், மறுக்கவில்லை. வார்ப்பிரும்பு, முதல் கியர் 6.55, அதாவது இன்ஜின் 6.55 சுற்று சுற்றினால் பெட்டிக்கு வெளியே ஒரு சுற்று, யானை பலம். ஆனால் நாலாவது கியர் நேரடி, இன்ஜினின் சுற்று அப்படியே வெளியே போகும்; அதற்கு மேல் இன்ஜினைவிட வேகமாகச் சுற்றவைக்கும் ஓவர்டிரைவ் கிடையாது. நம் ஃபார்கோவின் பின் அச்சு 4.88. டயர் 7.50-16, சாக்பீஸால் கோடு போட்டு உருட்டிப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.47 மீட்டர் ஓடுகிறது. இந்த இன்ஜின் பெட்ரோல் வண்டி மாதிரி நிமிஷத்துக்கு 4000, 5000 என்று சுற்றாது. 2500ஐத் தொட்டதும் சுற்றைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் கையைப் பிடித்துவிடும். கணக்குப் போட்டுப் பார்: நேரடி கியரில் 2500 சுற்றுக்கு மணிக்கு 76 கிலோமீட்டர், அவ்வளவுதான். ஈப்போ சாலையில் பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவான். அச்சை 3.54க்கு மாற்றலாம் என்கிறாய். மாற்றினால் சாலையில் ஓடும், ஆனால் ரதத்தின் நடை போய்விடும். அச்சில் கை வைக்க மாட்டேன்.

ஆட்டோமேட்டிக் போடு என்று உன் மகன் சொன்னானாம். அவனிடம் அன்போடு சொல்லு, வேண்டாம். ராத்திரி முழுக்க ஊர்ந்தால், எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துகிற கன்வெர்ட்டரில் எண்ணெய் சூடேறிக் கொதிக்கும். பெரிய கூலர் வைக்கலாம்தான். இருந்தாலும் மேட்டில் பின்னால் சாமி நிற்கும்போது இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புப் பல் இருக்க வேண்டும், வெறும் எண்ணெயை நம்ப எனக்கு மனம் வரவில்லை. இறங்கும்போதும் முதல் கியரே வண்டியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

ஆகவே எனக்கு வேண்டிய பெட்டி என்வி4500. ஐந்து கியர், வார்ப்பிரும்பு உடம்பு, 90 கிலோ அளவு எடை. ஐந்தாவது 0.73. அதே 4.88 அச்சோடு 90 கிலோமீட்டரில் இன்ஜின் 2160 சுற்றில்தான் ஓடும். முதல் கியர் 5.61. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் 750 சுற்றில் விட்டால் மணிக்கு 4 கிலோமீட்டர். கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு ஓட்டலாம், அதுதான் எனக்கு வேண்டியது. ஆறு கியர் என்வி5600 இதைவிடப் பலசாலி, தெரியும். ஆனால் அது 160 கிலோவுக்கு மேல், ஏற்கெனவே மூக்கு தாழ்ந்து நிற்கிறது.

இங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை. பழைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளின் என்வி4500இல் முதல் கியர் 6.34, அதைத்தான் தேடுகிறேன் என்கிறாய். அதில் நடை 3.6 கிலோமீட்டருக்கு இறங்கும், உண்மை. ஆனால் இன்ஜினிலிருந்து இழுவையை வாங்குகிற அதன் இன்புட் ஷாஃப்ட் தண்டு ஒன்றேகால் இன்ச் இல்லை, அதைவிட அரைக்கால் இன்ச் குறைவு. டாட்ஜ் டீசலில் வந்ததுதான் முழு ஒன்றேகால் இன்ச். இந்த இன்ஜின் டாட்ஜில் 400 பவுண்ட்-அடி இழுவை கொடுத்தது, அதுவும் 1600 சுற்றிலேயே. முதல் கியரில் அதை 5.61ஆல் பெருக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்டில் 2200க்கு மேல். மூன்று டன் ரதம் நின்ற இடத்திலிருந்து நகரும்போது விழுகிற உதையை முதலில் வாங்குவது அந்த இன்புட் ஷாஃப்ட்தான். 0.4 கிலோமீட்டர் வேகத்தை டீசல் பம்ப் திருகில் கொஞ்சம் குறைத்துச் சமாளிப்பேன். மெல்லிய தண்டை எதனால் சமாளிப்பது? நீயே சொல்லு. தடித்த தண்டுதான் வேண்டும், மாணிக்கம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தப் பெட்டிக்கும் ஒரு வியாதி உண்டு. டாட்ஜில் வந்தவற்றில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு தளர்ந்துவிடும். கீழ்ச் சுற்றில் ஐந்தாவதில் போட்டு அமுக்கினால் ஆறு சிலிண்டரின் ஒவ்வொரு அடியும் தண்டை முறுக்கி உலுக்கும். நட்டு மெதுவாக நகரும், கியர் பல்லை விட்டு வெளியே வந்துவிடும், அப்புறம் ஐந்தாவதே இருக்காது. அதனால் வாங்குமுன் பின் மூடியைக் கழற்றி அந்த நட்டைப் பார்க்கச் சொல்லு. முழு நீளத்துக்கும் ஸ்ப்ளைன் (கியரைப் பிடிக்கும் பல்வரிசை) வெட்டிய மாற்றுத் தண்டு போட்டதாகக் கிடைத்தால் கூடுதல் காசு போனாலும் பரவாயில்லை. நான் ஓட்டும்போது 1600க்குக் கீழே ஐந்தாவதைத் தொட மாட்டேன். பச்சையப்பன் கையில் சாவி கொடுக்கவே மாட்டேன், அவன் சைக்கிளையே டாப் கியரில் மேடேற்றியவன்.

எண்ணெய் வடித்துப் பார்த்தால் பித்தளைத் தூள் கொஞ்சம் இருக்கலாம், இரும்புச் செதில் இருந்தால் நடையைக் கட்டு. காலிப்பரை மறக்காமல் எடுத்துப் போ. தண்டு 31.75 மில்லிமீட்டர் காட்டினால்தான் பேரம் பேச வேண்டும். 4x4 வண்டியில் கழற்றியது நமக்கு ஆகாது, டூ-வீல் டிரைவ் வண்டியின் பின் முனை உள்ளதாகப் பார். பெட்டியை மட்டும் தனியாக வாங்கிவிடாதே. நான் போட்டிருப்பது ஜெனரேட்டர் இன்ஜின், பின் முகம் வேறு. டாட்ஜின் அடாப்டர் பிளேட், ஃப்ளைவீல், இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கிற பெல்ஹவுசிங், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரே கட்டாக வர வேண்டும். இல்லாவிட்டால் லேத் பட்டறைக்கு நடந்தே என் செருப்பு தேய்ந்துவிடும்.

இன்னொன்று, எண்ணெய். இங்கே கடையில் கேட்டால் ஜிஎல்-5 ரக கியர் எண்ணெயைத்தான் நீட்டுகிறார்கள். அதிலிருக்கும் கந்தக மருந்து பெட்டிக்குள் இருக்கும் பித்தளையைத் தின்னும். என்வி4500க்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 சிந்தெட்டிக் வேண்டும், நாலு லிட்டர் போதும். இங்கே கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன், நீயும் அங்கே விலை கேட்டு வை.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிலையம்) காகித வேலை தனியாக ஓடுகிறது. இன்ஜின் மாற்றத்துக்கு அனுமதி வாங்காமல் சாலையில் இறக்க மாட்டேன், தங்கச்சியிடமும் சொல்லு, அவள் அதற்குத்தான் பயப்படுவாள்.

தோட்டத்துக் கணக்கர் கிராணியின் மகன் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். ஃபார்கோவைப் பார்த்து, மியூசியத்துக்குக் கொடுத்துவிடுங்கள் மாமா என்றான். அவன் அப்பாவைப் பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி இது என்று சொன்னேன். பேச்சே இல்லை. பிறகு சட்டையை மடித்துவிட்டு பெல்ஹவுசிங் போல்ட் ஓட்டைகளையெல்லாம் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பையன்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. கமிட்டி பாதி தருகிறது, மீதி என்னுடையது. உன் பங்கு என்று ஏதாவது ஆரம்பித்தால் பேச மாட்டேன். கப்பலில் போட்டால் கிள்ளானுக்கு வரட்டும், பினாங்கு வேண்டாம். கிள்ளானில் முத்துவின் மருமகன் ஏஜெண்டாக இருக்கிறான். பெட்டியை எண்ணெய் வடித்து, தண்டில் கிரீஸ் பூசி, வாயை அடைத்து அனுப்பு. ரதத்துக்கு நீ வருகிறாய் என்றால் இப்போதே டிக்கெட் போடு. மேடு ஏறும்போது பின்னால் கட்டையோடு நடக்க எனக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும்.

அன்புடன்,
சுப்பையா