ஐந்து மரம் கொடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அரூர் பக்கத்து நம் ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

மலைவேம்புக் கன்று விற்க வந்தவர் சொன்ன லட்சக் கணக்கை நம்பி, நம்மில் பலர் கொல்லையைத் தோப்பாக்கினோம். மரம் அந்தக் கணக்குப்படி பருக்கவில்லை. நம் செம்மண்ணில், நமக்குப் பெய்கிற மழையில் எவ்வளவுதான் வளரும்? அதைக் கணக்கிட இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. அதற்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

முதலில் ஏரிக்கரைத் தோப்பு அக்காவுக்கு. மரம் எவ்வளவு வளர்ந்தது என்பதை அதன் எடையில்தான் கணக்கிடுகிறோம். விட்டத்தை வைத்து அந்த எடையைச் சொல்ல, சில மரங்களையாவது வெட்டி எடை போட்டாக வேண்டும். "வேணுங்கிறத வெட்டிக்க தம்பி" என்று ஐந்து மரங்களைக் கொடுத்தார் அக்கா. தண்டு, கிளை, இலை என்று பிரித்துப் புளி மண்டித் தராசில் நிறுத்தோம். அது புளி வரத்து நேரம். அப்படியும் ஒரு நாள் முழுக்கத் தராசை விட்டுக்கொடுத்தார் மண்டிக்காரர். கணக்குக்கு வேண்டியது ஈரம் போன எடை. அதனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை கல்லூரி ஆய்வகத்தில் உலர்த்தினோம். விடுமுறையிலும் வந்து கதவைத் திறந்துவிட்ட ஆய்வக அண்ணனை மறக்க மாட்டேன்.

அப்புறம், நம்மை அறியாத சிலருக்கு. காடு வளர்வதைக் கணக்கிடும் 3-பிஜி என்ற முறையை 1997இல் லேண்ட்ஸ்பெர்க், வாரிங் இருவரும் வெளியிட்டார்கள். இலை பிடிக்கும் வெயில், வெப்பம், மழை, மண் ஈரம் ஆகியவற்றை மாதாமாதம் பார்த்து, எவ்வளவு வளர்ச்சி, அதில் வேருக்கு எவ்வளவு, தண்டுக்கு எவ்வளவு என்று அது பிரிக்கும். ஈரமோ சத்தோ குறைந்தால் வேரின் பங்கு கூடும். நம் மரங்கள் ஏன் பருக்கவில்லை என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. 2020இல் ட்ரோட்சியுக், ஹார்டிக், ஃபாரஸ்டர் மூவரும் இதை ஆர்3பிஜி என்ற மென்பொருளாக, கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டும் மூல நிரலோடு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார்கள். யூகலிப்டஸ் மரத்தின் வளர்ச்சிக்கான எண்களைப் போட்டு முதலில் ஓட்டியபோது திரையில் இருந்த மரம் நம் கொல்லை மரத்தைவிட எங்கோ போய்விட்டது. திறந்த நிரல் என்பதால் எந்த எண் எங்கே வேலை செய்கிறது என்று தேடிப் பிடித்து, மலைவேம்புக்கு ஏற்ப மாற்ற முடிந்தது. பூட்டி விற்ற மென்பொருள் என்றால் அங்கேயே நின்றிருப்பேன்.

வெயில் அளவு நாசாவின் ‘பவர்’ என்ற வானிலைத் தரவில் இலவசமாகக் கிடைத்தது. மழைக்கு அது போதவில்லை. சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு கொல்லையில் கொட்டும், அடுத்த கொல்லையில் தூறக்கூடச் செய்யாது. தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதிவைத்த பெரியப்பா, அந்த நோட்டுகளை அப்படியே என் கையில் கொடுத்தார். தையல் டேப்போடு தோப்பு தோப்பாக ஏறி இறங்கி, 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்த பிள்ளைகளே, உங்களுக்கும் நன்றி.

ஐந்து மரம் போதாது, பெரிய மரங்களுக்குக் கணக்கு இன்னும் தடுமாறுகிறது. நாம் எடுத்த அளவுகளையும் மாற்றிய எண்களையும் நூலகக் கணினியில் போட்டிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த அளவு பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. டேப் என் வீட்டில்தான் இருக்கிறது.