பாற்சோற்றுக்குச் சர்க்கரை போட மறந்தவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வெள்ளவத்தையில ஒரு நேசரியில பன்ரெண்டு வருசமாப் படிப்பிக்கிறன், உங்கட ஞாயிறு பேப்பரில வாற சிறுவர் பக்கத்தை வெட்டி வகுப்புச் சுவரில ஒட்டிறதும் நான்தான், ஆனா கடிதம் எண்டு எழுதுறது இதுதான் முதல் தரம்.

போன மாசக் கடைசியில கதை நேரத்துக்கு ஒரு படப் புத்தகம் விரிச்சு வைச்சிருந்தனான். ஒரு சிங்கள வீட்டில காலமைச் சாப்பாடு, தட்டில பாற்சோறு டைமண்ட் டைமண்டா வெட்டி அடுக்கியிருக்கு, பக்கத்தில சிவப்பா லுணுமிரிஸ், மிளகாயும் வெங்காயமும் இடிச்ச சம்பல். நாலு வயசுப் பிள்ளை ஒண்டு எழும்பி வந்து படத்தில விரலை வைச்சு, "ரீச்சர், இவை பொங்கலுக்குச் சர்க்கரை போட மறந்திட்டினம்" எண்டிச்சுது. உடன மற்றதுகளும் ஓடி வந்து குனிஞ்சு பாத்து, ஓமோம் வெள்ளையாக் கிடக்கு, கஜு இல்லை, பிளம்ஸ் இல்லை எண்டு ஒரே சத்தம். எங்களோட உதவிக்கு நிக்கிற சிங்கள அக்கா சிரிச்சுக்கொண்டு வந்து தனக்குத் தெரிஞ்ச தமிழில, இது தேங்காப்பால் விட்டுக் காய்ச்சுறது, மாசம் பிறந்தா முதலாம் திகதி எங்கட வீட்டில இதுதான், உறைப்போடதான் சாப்பிடுறது எண்டு சொன்னா. சொன்னதோட நிக்கேல்ல, முதலாம் திகதி ஒரு டப்பாவில கொண்டு வந்தா. லுணுமிரிஸை நாக்கு நுனியில வைச்சுப் பாத்திட்டு ஒரு கிளாஸ் தண்ணி குடிச்ச பிள்ளை திரும்பவும் கை நீட்டிச்சுது. சாப்பிட்டு முடிய அதுகளே ஒரு முடிவுக்கு வந்திட்டுதுகள், எங்கட பொங்கல் பானைக்குள்ள, அக்கான்ர பொங்கல் தட்டில.

நான் அண்டைக்கு மற்ற ஆக்களை மதிக்க வேணும் எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்ல, சொல்லியிருந்தா அவ்வளவும் கெட்டுப் போயிருக்கும். பிள்ளை விரலை வைக்கிற இடத்தில பெரியாக்கள் பொறுமையா நிண்டு குடுத்தாக் காணும்.

இன்னொரு புத்தகமும் எங்களிட்ட இருக்கு, பேர் வேண்டாம். அதில எங்கள் நாட்டு மக்கள் எண்டு ஒரு பக்கம், நாலு பேர் வரிசையா நிக்கினம். திருநீறு பூசி வேட்டியோட ஒராள், வெள்ளை உடுப்பும் கையில தாமரைப்பூவுமா ஒராள், தொப்பி போட்டு ஒராள், கழுத்தில சிலுவையோட ஒராள். நாலு பேரும் எங்களைப் பாத்துச் சிரிக்கினம், ஆளையாள் பாக்கேல்ல. எங்கட வகுப்பில மூண்டு முஸ்லிம் பிள்ளையள், எல்லாரையும் போல ஸ்பைடர்மான் பெனியனோட வாறதுகள், அதில ஒருத்தன் அந்தப் பக்கத்தைக் கனநேரம் பாத்திட்டு "ரீச்சர் இதில நான் எங்க" எண்டு கேட்டான். எனக்கு மறுமொழி வரேல்ல.

மற்றச் சனத்தைப் பற்றி எண்டு வாற புத்தகங்களில நான் பாத்தது கூடுதலா இந்த மாதிரித்தான். வெசாக் எண்டா வெளிச்சக்கூடு, சும்மா சாப்பாடு குடுக்கிற தன்சல், நோன்பு எண்டாக் கஞ்சி, பிறை, நத்தார் எண்டா மரம். பெருநாள் முடிய அந்தச் சனமும் புத்தகத்துக்குள்ள மூடுப்பட்டுப் போகுது. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும், செருப்பில ஒண்டு துலையும், முன் பல்லு ஆடும், அம்மம்மாவோட கோவிச்சுக்கொண்டு கட்டிலுக்குக் கீழ போய் இருக்கும், அதைக் கீறுங்கோ எண்டுதான் நான் கேக்கிறன், எங்கட பிள்ளையள் உடன பிடிச்சுக்கொள்ளும்.

சிபில் வெத்தசிங்க அம்மா 1956ல கீறி எழுதின குட ஹொரா, குடைக் கள்ளன் எண்டு அர்த்தம், அந்த மாதிரி ஒண்டு. குடையே கண்டிராத ஒரு கிராமத்தில சனம் மழைக்கு வாழையிலையும் சேம்பிலையும் பிடிச்சுக்கொண்டு போகுது, ஒராள் டவுனுக்குப் போய்க் குடை வாங்கிக்கொண்டு வர அது களவு போகுது, அவ்வளவுதான் விசயம். சிங்களத்தில இருக்கிற புத்தகத்தை அக்கா ஒரு வரி வாசிக்க நான் தமிழில சொல்லுவன், களவெடுத்தது ஆரெண்டு தெரிய வாற இடத்தில பிள்ளையள் கத்துற கத்து றோட்டுக்குக் கேக்கும். வெத்தசிங்க அம்மா 2020ல செத்தவ, அவவின்ர படங்களைத் தெரியாத தமிழ்ப் பிள்ளையள் இந்தக் கொழும்பிலயே எத்தினை எண்டு நினைக்கக் கவலைதான்.

ஒரு அப்பா வந்து என்னட்டக் கேட்டவர், உதெல்லாம் இந்த வயசில தேவையோ, வளர்ந்தாத் தெரிஞ்சு கொள்ளுவினம்தானே எண்டு. எங்க தெரியிறது? முதலாம் ஆண்டோட தமிழ் மீடியம் ஒரு பக்கம் சிங்கள மீடியம் ஒரு பக்கம், முஸ்லிம் பள்ளிக்கூடம் வேற, ஒரே லேனில இருக்கிற ரெண்டு பிள்ளையள் பதினாறு வயசளவில ஓ.எல் சோதினை எழுதி முடியும் மட்டும் ஒரு வாங்கில ஒண்டா இருக்காமலே வளர்ந்திடலாம். நேசரியில இருக்கிற ரெண்டு வருசத்தை விட்டா எங்களுக்கு வேற நேரம் இல்லை.

யெல்லா லெப்மன் எண்டு ஒரு அம்மா, ஹிட்லர் காலத்தில ஜெர்மனியை விட்டுத் தப்பிப் போன யூதப் பெண், சண்டை முடியத் திரும்பி வந்து நாடு நாடாக் கடிதம் போட்டவ, உங்கட பிள்ளையளின்ர புத்தகங்களை அனுப்புங்கோ எண்டு. பெல்ஜியம் முதல்ல மாட்டம் எண்டது, ரெண்டு தரம் எங்களுக்கு மேல படையெடுத்தவங்களுக்கு ஏன் குடுக்க வேணும் எண்டு. அவ விடாமத் திரும்ப எழுதி வாங்கினா. 1946ல மியூனிக்கில அந்தப் புத்தகங்களை வைச்சுக் கண்காட்சி, 1949ல அதே ஊரில பிள்ளையளுக்கெண்டு ஒரு சர்வதேச நூலகம், அது இப்பவும் நடக்குது. இடிஞ்ச ஊரில அவ முதல்ல யோசிச்சது இதை. எங்கட சண்டை 2009ல முடிஞ்சுது, அந்த வருசம் பிறந்த பிள்ளையள் ஓ.எல் வயசுக்கு வந்திட்டுதுகள், அதுகளுக்கு நாங்கள் என்ன புத்தகம் குடுத்தனாங்கள்?

வழி இல்லாமல் இல்லை. இந்தியாவில பிரதம் புக்ஸ்காரர் 2015ல தொடங்கின ஸ்டோரிவீவர் எண்ட இணையத்தளத்தில தமிழ்ப் படக்கதையள் சும்மா டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுக்கலாம், நான் எடுக்கிறனான். அதில பப்பாளி எண்டு வரும், எங்கட பிள்ளையள் பப்பாசி எண்டு திருத்தும், அங்க பப்பாளி இஞ்ச பப்பாசி எண்டு சொல்லிக் குடுக்க அதுவே ஒரு பாடம். ஆனா பம்பலப்பிட்டியில இருக்கிற வீட்டை அவையா வந்து கீறித் தரப் போகினம்.

அதால உங்களிட்டத்தான் கேக்கிறன். சிறுவர் பக்கத்தில மாசத்துக்கு ஒரு ஞாயிறாவது அரைப் பக்கம் ஒரு படக்கதை போடுங்கோ, தமிழும் சிங்களமும் பக்கத்தில பக்கத்தில இருக்கட்டும். ஒரு மலே வீடு, ஒரு பேர்கர் வீடு, கொட்டாஞ்சேனையில ஒரு வீடு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்தில ஒரு வீடு (கொழும்புத் தமிழ்ப் பிள்ளையளுக்கு லயமும் தெரியாத ஊர்தான், அதையும் நாங்கள் ஒத்துக்கொள்ள வேணும்). வெசாக் கிழமையில வேண்டாம், பொங்கல் கிழமையிலயும் வேண்டாம், சும்மா ஒரு கிழமையில போடுங்கோ. கீறுற இளம் பிள்ளையள் எங்கட ஆக்களுக்குள்ளயும் இருக்கினம், காசு குடுத்துக் கேளுங்கோ. முதலாவது வந்த உடன ஒட்டுறதுக்கு வகுப்புச் சுவரில இடம் விட்டு வைச்சிருக்கிறன், யன்னலுக்குக் கீழ, நாலு வயசுக் கண்ணுக்கு நேர.

இப்படிக்கு,
ஒரு நேசரி ரீச்சர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.