மரபணு ரிப்போர்ட்டை பிடிஎஃப்புக்குள் பூட்டாதீர்கள்: தேசிய சுகாதார ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய சுகாதார ஆணையத்தில் ஆபா (ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை இணைக்கும் மின்னணு சுகாதாரக் கணக்கு) பதிவேடுகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நான் மரபணு ஆலோசகர். நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். ஒரு லேப் மரபணுப் பரிசோதனை முடிவை ஒருவருடைய ஆபா கணக்கில் சேர்க்கும்போது, வெறும் பிடிஎஃப்பை ஏற்றினால் போதும் என்ற நிலையை மாற்றுங்கள். எந்த மரபணு, அதில் எந்த மாற்றம், அம்மாவிடமும் அப்பாவிடமும் இருந்து வந்த இரண்டு பிரதிகளில் ஒன்றிலா இரண்டிலுமா, அது நோய் தருமா என்பதற்கு என்ன தரம், எந்தத் தேதியில் அந்தத் தரம் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் கணினி படிக்கிற குறியீடாகவும் கூடவே வர வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பத்து வாரக் கர்ப்பிணியும் அவர் கணவரும் ஆளுக்கொரு ரிப்போர்ட்டைப் போனில் வைத்துக்கொண்டு வருகிறார்கள், இருவருமே பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர், அதாவது ஒரு பிரதியில் மட்டும் மாற்றத்தைச் சுமப்பவர்கள். மனைவியுடையதில் 'ஐவிஎஸ் 1-5 ஜி>சி' என்றிருக்கிறது. கணவருடையது வேறு லேப், அதில் 'ஹெச்பிபி சி.92+5ஜி>சி'. ஹெச்பிபி என்பது தலசீமியாவோடு தொடர்புடைய பீட்டா குளோபின் மரபணு. முதலாவது பழைய பெயர், அடுத்தது புதிய பெயர், இரண்டும் ஒரே மாற்றம்தான், இந்தியாவில் தலசீமியா கேரியர்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவதும் இதுதான். ஆனால் அனுப்பிவைத்த டாக்டரின் சீட்டில் 'இருவருக்கும் வெவ்வேறு மாற்றம்' என்று இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பதினோரு வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துக் குழந்தையைச் சோதிக்க வேண்டும், எதைத் தேடுவது என்று லேபுக்குத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது ஒரு மனிதரின் நினைவாற்றலை நம்பி நடக்கக் கூடாது.

அரிவாள் செல் நோயிலும் இதே கதைதான். அதற்குக் காரணமான மாற்றம் புரதத்தில் பழைய கணக்கில் 6ஆவது இடம், மாற்றங்களுக்குப் பெயரிடும் இப்போதைய சர்வதேச முறையான ஹெச்ஜிவிஎஸ்படி 7ஆவது இடம், ஏனென்றால் முன்பு முதல் அமினோ அமிலத்தை எண்ணவில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடி பேரைப் பரிசோதிக்கப் புறப்பட்டது. அத்தனை பேரில் மேற்கொண்டு மரபணுச் சோதனைக்குப் போகிறவர்களின் முடிவு ஒவ்வொரு லேபிலும் ஒவ்வொரு விதமாக இருந்தால் என்ன செய்வது?

அப்புறம், 'மாற்றம் இல்லை' என்ற ரிப்போர்ட். இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. தலசீமியாவுக்கு வழக்கமான 5 மாற்றங்களை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்பதும், மரபணு முழுவதையும் படித்துவிட்டு 'இல்லை' என்பதும் ஒன்றா? எதைப் பார்த்தார்கள் என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும், ஆஸ்பத்திரி கணினியில் 'நெகட்டிவ்' என்ற ஒரே சொல்தான் ஏறும்.

தரமும் மாறக்கூடியது. 2015இல் வந்த ஏசிஎம்ஜி (அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பு) வழிகாட்டியின்படி ஐந்து தரங்கள், நடுவில் இருப்பது 'பொருள் உறுதியாகத் தெரியாதது'. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணுவில் அப்படி ஒரு முடிவு பெற்ற பெண்ணுக்கு, சில வருடம் கழித்து அதே மாற்றம் நோய் தருவதுதான் என்று தெளிவாகலாம். குறியீடாக இருந்தால் அந்த மாற்றம் உள்ள எல்லோரையும் தேடி எடுத்து, அவரவர் டாக்டர் மூலம் தகவல் சொல்லலாம். ஸ்கேன் செய்த காகிதத்தில் இருந்தால் அந்தப் பெண்ணாகத் திரும்பி வந்தால்தான் உண்டு, சில சமயம் கட்டியோடு.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. மத்திய அரசின் 2016 மின்னணு சுகாதாரப் பதிவேட்டுத் தரநிலைகளே மருத்துவச் சொற்களுக்கான குறியீட்டுத் தொகுப்பான ஸ்னோமெட் சிடியையும், பரிசோதனைகளுக்கான குறியீட்டுத் தொகுப்பான லோயிங்கையும் சொல்கின்றன. லோயிங்கில் சோதித்த மரபணுவுக்கு 48018-6, டிஎன்ஏ மாற்றத்துக்கு 48004-6 என்று எண்கள் தயாராக இருக்கின்றன, காசும் கேட்பதில்லை. ஸ்னோமெட்டை இந்தியாவில் இலவசமாகத் தர மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான புனே சி-டாக்கில் தனி மையமே இருக்கிறது. சிறிய லேப்களுக்கு இது சுமை என்பார்கள். சரி, அவர்களுக்கு இலவச மென்பொருளும் ஒரு வருட அவகாசமும் கொடுங்கள்.

தேடுவதற்கு எளிதான தகவல் திருடுவதற்கும் எளிது என்பதை மறக்கவில்லை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுத் தகவலுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஆகவே காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுப்பவரோ இதைத் தொட முடியாதபடி தனி ஒப்புதல் வையுங்கள், யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்று சம்பந்தப்பட்டவருக்கே தெரியட்டும்.

எல்லா மரபணுவையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. ஹெச்பிபி ஒன்றில் தொடங்குங்கள். பீட்டா தலசீமியா, அரிவாள் செல் இரண்டும் அதில் அடங்கும், குழந்தை பிறப்பதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டிய குடும்பங்கள் அங்கேதான் அதிகம். மாதிரி ரிப்போர்ட் ஒன்றைத் தயாரித்து வெளியிட்டால், என்னைப் போன்ற ஆலோசகர்கள் வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்லத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மரபணு ஆலோசகர்